மூன்று விநாடிப் பார்வை

மார்ச் 4

படத்தொகுப்பு அறையில் இன்று இயக்குநர் ஒரே புலம்பல். படத்தில் வரும் சித்தி போதிய அளவு கொடுமைக்காரியாக இல்லையாம். நடிகை மென்மையாக நடித்துவிட்டார்.

"முதல் பாதியில அழவெச்சாத்தானே கடைசியில கட்டிப்பிடிக்கும்போது கைதட்டுவான்? அந்தம்மா கண்ணுல கொஞ்சம் விஷம் வேணும். எங்கிருந்தாவது எடுங்க."

எடுத்தேன். காட்சி தொடங்குமுன் விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, நடிகை கண்ணை இடுக்கிப் பார்த்த மூன்று விநாடி. குழந்தை "பசிக்குது" என்றதும் அதை ஒட்டினேன். அம்மாடி, என்ன குரூரம்! இயக்குநர் மேசையைத் தட்டினார். எனக்கும் பெருமைதான். இத்தனைக்கும் நானே இரண்டு வருடமாக ஒருத்திக்குச் சித்தி.

மார்ச் 6

எங்கள் வாண்டுவின் பெரியம்மா மறுபடி போன். பரீட்சை முடிந்ததும் பிள்ளையைத் தன் வீட்டுக்கே அனுப்பிவிடச் சொல்கிறார். இறந்துபோன தங்கையின் மகள், கேட்க உரிமை இருக்கிறது. "அவளே முடிவு பண்ணட்டும்" என்றார் இவர், அவள் அப்பா. பதினொரு வயதில் என்ன முடிவு? நான் வாயைத் திறக்கவில்லை. போகக் கூடாது. போகவே கூடாது.

மார்ச் 9

பள்ளி விடுமுறை. வாண்டுவை வேலைக்கு அழைத்துப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பின்னால் உட்கார்ந்து அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டாள்.

"ஏன் அப்படிப் பாக்குறாங்க?"

"சித்தி இல்ல? அப்படித்தான் பாப்பாங்க" என்றேன், விளையாட்டாக. சிரிப்பாள் என்று நினைத்தேன்.

வீட்டில் சாப்பிடும்போது இன்னொரு கரண்டி போடட்டுமா என்றேன். "போதுங்க" என்றாள். பசி அடங்கவில்லை என்று எனக்குத் தெரியாதா?

மார்ச் 10

பெரியம்மா வீட்டுக்கே போகிறாளாம். இவரிடம் சொல்லியிருக்கிறாள். "நீ என்ன சொன்ன அவகிட்ட?" என்கிறார். என்னத்தச் சொன்னேன்! வாயா இது?

மார்ச் 13

மனசு கேட்கவில்லை. மறுபடி அழைத்துப் போய், வெட்டாத முழுப் பதிவையும் போட்டுக் காட்டினேன். நடிகை கண்ணை இடுக்குகிறார், "லைட்டைக் குறைங்கப்பா, கண்ணு கூசுது" என்கிறார், குழந்தையின் மூக்கைத் துடைத்துவிடுகிறார்.

வாண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அவங்க முறைக்கவே இல்லையா? நீங்களா அப்படிப் பண்ணீங்க?"

"நான்தான்."

"அப்போ, வேலை முடிஞ்சு வந்ததும் நீங்க என்னை அப்படிப் பாக்குறது?"

நான் எப்போது பார்த்தேன்? செய்து காட்டினாள். புருவம் நெரிந்து, கண் சுருங்கி — என் முகமேதான். நாள் முழுக்கத் திரையைப் பார்த்த கண்ணெரிச்சல் அது. தன்மேல் கோபம் என்று நினைத்திருக்கிறாள் பிள்ளை. இரண்டு வருடம்! அவள் எதிரிலேயே அழுதுவிட்டேன்.

"கண்ணு எரியுதுடி. அவ்வளவுதான்."

"சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

மார்ச் 17

அந்த மூன்று விநாடியை எடுத்துவிட்டேன். "பல்லைப் புடுங்கிட்டீங்களே!" என்று இயக்குநர் குதித்தார். மறுபடி ஒட்டச் சொன்னார். முடியாது என்றேன். வேறு ஆளை வைத்து ஒட்டிவிட்டார். படம் அவருடையது. அந்த வேலையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

சினிமாவில் சித்தி என்றால் ஒன்று சூடு போடுவாள், இல்லை தியாகம் செய்து செத்துப்போவாள். சீருடைக்கு இஸ்திரி போடுகிற சித்தியை இதுவரை நான் வெட்டி ஒட்டியதில்லை.

மார்ச் 29

பரீட்சை முடிந்தது. போவதைப் பற்றி வாண்டு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 11

பள்ளி திறந்த இரண்டாம் நாளே சண்டை. தண்ணீர் பாட்டிலை நான் எங்கேயோ வைத்துவிட்டேனாம்.

"எப்பப் பாத்தாலும் என் சாமானை எடுத்து எங்கயாவது வெச்சிடுறீங்க!" என்று வாண்டு கத்தினாள். இதுவரை என்னிடம் குரல் உயர்த்தியதே இல்லை. நான் விட்டேனா? "கண்ட இடத்துல போட்டா எடுக்கத்தான் செய்வேன்!" என்று பதிலுக்குக் கத்தினேன்.

இவர் பாதி முகச்சவரத்தோடு பதறி ஓடி வந்தார். "வரலன்னு பெரியம்மாவுக்கு நீதானம்மா போன் பண்ணிச் சொன்ன? இப்ப ஏன்..." என்று சமாதானம் பேச ஆரம்பித்தார்.

வாண்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க நடுவுல வராதீங்க. இது எங்களுக்குள்ள."