நாற்காலியை உள்ளே போட மாட்டேன்

இராஜபாளையம்
14.3.1993, ஞாயிறு

அன்பு மகன் ஐயாதுரைக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் தங்கச்சி செல்லத்தாயும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், பரோடாவில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். உன் கடிதம் புதன்கிழமை வந்தது. தங்கச்சிக்குப் பரீட்சை நடக்கிறது, விடியும் முன்னே எழுந்து படிக்கிறாள், கணக்குதான் பயமாக இருக்கிறது என்கிறாள். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிறது. மற்றபடி குறை இல்லை. இனி நீ எழுதியதற்கு வருகிறேன். பெரியப்பாவிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும், நாற்காலியைத் தூக்கி உள்ளே போட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் சம்பந்தம் கையை விட்டுப் போகும் என்று எழுதியிருக்கிறாய். மன்னிப்பும் கேட்க மாட்டேன், நாற்காலியையும் உள்ளே போட மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், பாதியில் மடித்து வைக்காமல் கடைசி வரைக்கும் படி.

நான் தேவதானத்தில் பிறந்தவள் என்று உனக்குத் தெரியும், எப்படி வளர்ந்தேன் என்று உட்கார வைத்துச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் உட்காருவதற்கென்று ஒரு பொருள் கிடையாது. நடவுக்குப் போனால் பொழுதுக்கும் குனிந்து நிற்க வேண்டும், சாயங்காலம் கூலி நெல்லுக்குக் களத்தில் வரிசையில் நிற்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரைக்கும் தரைதான், ஒன்பதாம் வகுப்பில்தான் பெஞ்சு. எட்டோடு என்னை நிறுத்திவிட்டார்கள். கடைசி நாள் அன்றைக்கு ஒன்பதாம் வகுப்பு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெஞ்சைப் பார்த்துவிட்டு வந்தேன், உன் அப்பாவிடம்கூட இதைச் சொன்னதில்லை. பிறகு மில். நூல் சுற்றுகிற ரீலிங்கில் இருபத்தைந்து வருசமாகிறது, எட்டு மணி நேரமும் நின்றபடியேதான் நூல் பார்க்க வேண்டும். நீ வயிற்றில் எட்டு மாசமாக இருந்தபோது கால் தாங்காமல் காலிப் பெட்டி ஒன்றின் மேல் செத்த நேரம் உட்கார்ந்தேன், மேஸ்திரி வந்து அபராதத்துக்கு என் பெயரை எழுதிக்கொண்டு போனார். வீட்டில் ஒரே ஒரு மர நாற்காலி இருந்தது, அது உன் தாத்தாவுக்கு, அவருக்குப் பிறகு பெரியப்பாவுக்கு, பாகம் பிரித்தபோது அவரே எடுத்துக்கொண்டு போனார். உன் அப்பா நல்ல மனிதர், கை நீட்டியதில்லை, ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை, ஆனாலும் உட்காரேன் என்று அவர் சொன்னதில்லை. உட்காரலாம் என்று எனக்கும் தோன்றியதில்லை. அவர் போய் ஏழு வருசமாகிவிட்டது.

போன தீபாவளி போனசில் தங்கச்சிக்குத் தாவணி எடுத்துவிட்டுத் தென்காசி ரோட்டில் வரும்போது அந்த நாற்காலி கடைக்கு வெளியே கிடந்தது. இரும்புக் கம்பி, பச்சை ஒயர் பின்னியது, இரண்டு பக்கமும் கை வைத்தது. என்னோடு வேலை பார்க்கும் குருவம்மாள், உட்கார்ந்துதான் பாரேன் என்றாள். உட்கார்ந்தேன், எழுந்திருக்க மனசு வரவில்லை. ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து வீடு வரைக்கும் தூக்கி வந்தோம். இப்போது தினமும் ஷிப்டு முடிந்து வந்து, சமைத்து, துவைத்து, வாசனை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு ஐந்து மணிக்கு வாசலில் அதைப் போட்டு உட்காருகிறேன். கையில் ஒரு டம்ளர் காபி. மேற்கே மலைப் பக்கமிருந்து காற்று வரும். முதுகு சாய்ந்ததும் முட்டுவலி கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது எனக்கே தெரியும். அரை மணி நேரம், அம்புட்டுதான். இந்த அரை மணி நேரத்துக்காக நான் யாரிடமும் கெஞ்சவில்லை, திருடவில்லை.

தை மாசக் கடைசியில் பெரியப்பா இரண்டு ஆட்களோடு வந்தார், பெண் வீட்டுக்கு எப்போது போவது என்று பேசுவதற்கு. அன்றைக்கு ஒரு ஆள் வராததால் நான் இரண்டு ஆள் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தேன், கால் இரண்டும் வீங்கிக் கிடந்தது. நாற்காலியில் இருந்தபடியே வாங்க என்று சொன்னேன், தங்கச்சி ஓடிப்போய்க் கட்டிலில் விரிப்பு விரித்தாள். அவர் உட்காரவில்லை. “மூத்தவன் வந்து நிக்கேன், எந்திரிக்கத் தெரியலையோ?” என்றார். “கட்டில்ல உக்காருங்க அத்தான், கால் வீங்கியிருக்கு, செத்த நேரத்துல எந்திரிச்சுக் காபி போடுதேன்” என்றேன். இதுதான் நான் சொன்னது, இதற்கு மேல் ஒரு எழுத்துக்கூட இல்லை. அவர் உனக்கு என்னென்ன எழுதினாரோ எனக்குத் தெரியாது. காபி குடிக்காமல் போய்விட்டார், தாலி அறுத்தவளுக்கு வந்த திமிரைப் பார் என்று தெரு முனையில் நின்று சொல்லிவிட்டுப் போனார். பெண் வீட்டுக்கு வர மாட்டேன், நான் இல்லாமல் யார் பேசி முடிக்கிறார்கள் பார்ப்போம் என்று ஆள்விட்டும் சொன்னார்.

நானே போனேன் ஐயாதுரை. குருவம்மாளைக் கூட்டிக்கொண்டு, தாம்பூலத்தை வாங்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். அவர்கள் வீட்டில் ஆறு நாற்காலி வரிசையாகப் போட்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா வேலுசாமி எங்களுக்குப் பின்னால் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் வரவில்லை என்று நான்தான் சொன்னேன், ஏன் வரவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன், எப்படியும் காதுக்கு வரப்போகிறது, என் வாயால் வரட்டுமே. அவர் முகம் சுருங்கிப்போயிற்று. மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் ஆண் துணை இல்லாமல் எப்படித் தட்டு மாற்றுவது, பெரியவர் சமாதானமானதும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். வாங்கிப் போன தாம்பூலத்தைத் திரும்பக் கொண்டு வந்தேன். பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது, உன் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேனோ என்று இருந்தது. பெரியப்பா வீட்டுத் தெரு வழியாகத்தான் நடந்து வந்தேன், உள்ளே போய்விடலாமா என்று ஒரு நிமிசம் நின்றேன். கால் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

எட்டு நாள் கழித்து பெண்ணின் அம்மா இசக்கியம்மாள் தனியாக வந்து வாசலில் நிற்கிறார்கள். அவர்களும் வேலைக்குப் போகிறவர்கள்தான், தீப்பெட்டி ஆபீசில் கட்டையில் தீக்குச்சி அடுக்குகிறார்கள். அப்போது நான் நாற்காலியில் இருந்தேன், தங்கச்சி காபி டம்ளரோடு பக்கத்தில் நின்றாள். அவர்கள் என்னைப் பார்த்தார்கள், தங்கச்சியைப் பார்த்தார்கள். “நீங்க செஞ்சதுல எனக்குக் குத்தமாத் தெரியலை. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். எம் மக இங்க வந்தா நீங்க உக்காந்திருப்பீங்க, அவ நிப்பாளோ?” என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. நாலு மாசமாகத் தங்கச்சிதான் காபி போட்டு நின்று தருகிறாள், நான் ஒருநாளும் அவளைப் பார்க்கவில்லை. எழுந்தேன். அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு நானே போய்க் காபி போட்டேன். திரும்பி வந்து பார்க்கிறேன், அவர்கள் நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டு இருக்கிறார்கள், யாரோ வந்து எழுப்பிவிடுவார்கள் என்பது மாதிரி. நல்லா சாஞ்சு உக்காருங்க என்றேன். சாய்ந்தார்கள், கண்ணை மூடிக்கொண்டார்கள். போகும்போது, வீட்டில் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார்கள். சொல்லிவிட்டார்கள். நேற்று வேலுசாமியே இங்கு வந்து தட்டு மாற்றிவிட்டுப் போனார். வைகாசி மாசக் கடைசி முகூர்த்தம், பெண் கனகமணிக்கும் சம்மதம். தங்கச்சிக்கும் ஒரு நாற்காலி சொல்லியிருக்கிறேன்.

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இப்போதே லீவுக்கு எழுதிப் போடு. பெரியப்பாவுக்கு உன் கைப்பட எழுதிக் கூப்பிடு, ஊருக்கு வந்ததும் நேரில் போய்க் காலில் விழு, அவர் உன் அப்பாவோடு பிறந்தவர், அது உன் கடமை. வந்தால் முதல் பந்தியில் என் கையால் பரிமாறுவேன். வராவிட்டாலும் முகூர்த்தம் தள்ளாது. கனகமணி பத்தாவது முடித்துத் தையல் படித்த பெண், அங்கே கூட்டிக்கொண்டு போனதும் அவளும் நாலு வார்த்தை பேச ஆள் இருக்கிற இடமாக வீடு பார். ராத்திரி ஷிப்டு முடிந்து வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. ஐயனார் துணையால் உனக்கு எல்லாம் நல்லபடியாக நடக்கும், நூறு வருசம் நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அம்மா
வெள்ளைத்தாய்

மறந்துவிட்டேன், உன் சட்டை அளவைத் தாளில் எழுதி அனுப்பு. இந்தக் கடிதத்தைப் பெரியப்பாவுக்கு அனுப்ப வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் தாராளமாக அனுப்பு, அவருக்குத் தனியாக எழுதுகிற வேலை எனக்கு மிச்சம்.