நீ துப்புரவாக்கித் தந்த போன்

தலைமன்னார்,
07.09.2025

அன்பு மகன் றெக்சனுக்கு அப்பா எழுதிக்கொள்வது,

நானும் அம்மாவும் சுகம் என்று எழுதித்தான் ஒரு கடிதத்தைத் தொடங்க வேண்டும், அதனால் எழுதிவிட்டேன். பிரான்சில் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று மாதாவிடம், எங்கள் மடுத் தாயாரிடம், இரண்டு பேரும் நாள்தோறும் கேட்கிறோம், உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிற இந்த நாட்களிலும் அதை நிறுத்தவில்லை. போன் இருக்கும்போது இந்த மனிசன் என்னத்துக்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். முந்தாநாள் வெள்ளிக்கிழமை நான் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே வேலைக்கு நேரமாச்சு அப்பா என்று வைத்துவிட்டாய். மிச்சப் பாதியையும் நீ கேட்க வேண்டும், அதோடு உன்னிடம் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது, அது பேப்பரில்தான் ஆகும்.

அம்மாவின் கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. மாதத்தில் ஒரு நாள் காலை பஸ்ஸில் மன்னார் ஆசுபத்திரிக்கு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள், கருவாடு என்று வந்தால் அவள் டொக்டர் சொல்லையும் கேட்கிறவள் இல்லை, உனக்குத் தெரியும்தானே. உன் தங்கச்சி யசோதா வவுனியாவில் சுகமாக இருக்கிறாள், இரண்டாவது பிள்ளைக்கு மாசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள், நீ ஒருக்கால் அவளுக்குப் போன் எடுத்துக் கதை, அண்ணா மறந்துபோனார் என்று குறைப்படுகிறாள். இங்கே சோளகக் காற்று இன்னும் விடவில்லை. சோற்றிலும் மண், பாயிலும் மண். கூரையில் கடற்கரைப் பக்கத்துக் கிடுகு முழுவதும் பறந்துவிட்டது, நீ வாங்கித் தந்த நீலத் தறப்பாளைத்தான் இழுத்துக் கட்டியிருக்கிறேன், மாரி தொடங்கினால் அது தாங்காது. மாரிக்கு முன் புது வீட்டுக்கு அத்திவாரமாவது போட்டுவிடலாம், குசினியை எந்தப் பக்கம் வைப்பது என்று வைகாசியில் அம்மாவும் நானும் மண்ணில் கோடு கீறிப் பார்த்ததை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

முதலில் இருந்து சொல்கிறேன், பொறுமையாகக் கேள். எங்களைப் போல இந்தியாவில் இருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கிற அந்த நிறுவனம், சித்திரை மாதம் தெரிவானவர்களின் பட்டியலைத் தங்கள் இணையப் பக்கத்தில் போட்டது. தங்கள் கந்தோர்ச் சுவரில் ஒட்டவில்லை, எல்லாம் இப்போது நெட்டில்தான் என்றார்கள். நான் பஸ் ஏறி மன்னாருக்குப் போய், பஸ் நிலையத்துக்குக் கிட்ட, நெட் பார்த்துக் கொப்பி எடுக்கிற கொமியூனிக்கேசன் கடையில் வேலை செய்கிற டினோஜாவிடம் போனைக் கொடுத்தேன். அவள் எடுத்து என் கையில் தந்தாள், நானே விரல் வைத்து வாசித்தேன். அறுபத்திரண்டு பெயர். நாற்பத்தோராவது, குருசு இராசேந்திரம், தலைமன்னார், பக்கத்தில் எங்கள் குடும்ப அட்டை இலக்கம். ஒரு கொப்பி எடுத்துத் தா பிள்ளை என்றேன். மெசினுக்கு மை முடிந்துவிட்டது, பின்னேரம் வாங்கோ என்றாள். அம்மா அன்று காய்ச்சலோடு தனியக் கிடந்தாள், என்னால் நிற்க முடியவில்லை. அவள்தான் அந்தப் பக்கத்தைப் போனிலேயே சேமித்துத் தந்தாள். டேட்டா இல்லாட்டிலும் வரும் மாமா, நீங்கள் ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ என்றாள். அவள் சொன்னது பொய்யில்லை. எங்கள் வளவில் சிக்னல் வாறது குறைவு, ஆனால் அந்தப் பக்கம் தட்டின உடனே வரும். பஸ்ஸில் காட்டினேன், கிளினிக் வரிசையில் காட்டினேன். பக்கத்து வளவு யாகப்பர் நாற்பதாவது, அவரிடம் இருப்பது பட்டன் போன், தன் பெயரையும் என் போனில்தான் பார்த்தார், இரண்டு கிழவரும் ஒரு போனைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைகள் மாதிரிச் சிரித்தோம். அடுத்த நாளே போய்க் கொப்பி எடுத்திருக்க வேண்டும், நான் போகவில்லை. ஒரு துண்டையும் எறியாதவன் நான். இந்திய முகாம் அட்டையில் இருந்து அங்கே அரிசி எடுத்த துண்டு வரை பொலித்தீனில் சுற்றி பிஸ்கற் ரின்னுக்குள் கிடக்கிறது. இந்த ஒன்றில் மட்டும் போனை நம்பினேன். அந்தப் பிழை என்னுடையது, அதை உன் தலையில் கட்டவில்லை.

ஆனியில் நீ வந்தாய், ஆறு வருசத்துக்குப் பிறகு பதினொரு நாள். வந்த அன்றே கோழி உரித்துக்கொண்டிருந்த அம்மா, முதல்ல அதைக் காட்டுங்கோ அவனுக்கு என்று சொல்ல, நான் அந்தப் பக்கத்தை எடுத்து உன் முகத்துக்கு நேரே பிடித்தேன். நீ உன் போனைப் பார்த்துக்கொண்டே நல்லம் அப்பா என்றாய். களைத்து வந்த பிள்ளை என்று விட்டுவிட்டேன். போகிற அன்று காலை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போகிற வான் வரும் வரை சும்மா இருக்க முடியாமல் என் போனை வாங்கினாய். வீடியோவில் கதைக்கும்போது என் முகம் நின்று நின்று வருகிறது, உள்ளே நிறையக் குப்பை கிடக்கு என்றாய். தேத்தண்ணியைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில்தான் நின்றேன், உன் பெருவிரல் போன வேகத்துக்கு என் கண் போகவில்லை. எவ்வளவு குப்பை சேர்த்து வச்சிருக்கிறியள் அப்பா என்று சிரித்தாய், இப்ப பாருங்கோ பறக்கும் என்று திருப்பித் தந்தாய். நான் சந்தோசப்பட்டு உன் தோளில் தட்டினேன். நீ போன பிறகு ஒரு கிழமையாக, என்ர மகன் பத்து நிமிசத்தில போனைப் புதுசாக்கிப்போட்டான் என்று யாகப்பரிடம் பெருமையாகப் புளுகித் திரிந்தேன். இதை எழுதும்போது எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

ஆடி முடிவில் நிறுவனத்தில் இருந்து நிலம் அளக்க ஆட்கள் வந்தார்கள். யாகப்பர் வளவில் நூல் பிடித்துக் கட்டை அடித்தார்கள், பிறகு எங்கள் வேலியைத் திரும்பியும் பாராமல் அடுத்த ஒழுங்கைக்குப் போனார்கள். நான் பின்னால் ஓடினேன். ஐயா உங்கட பேர் இதில இல்லை என்றான் அளவு நாடா வைத்திருந்தவன். இந்தா காட்டுகிறேன் என்று போனை எடுத்தேன், பக்கம் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை. அவனுக்கு முன்னால் மேலும் கீழும் விரலால் இழுத்துக்கொண்டு நான் நின்ற நிலையை நீ பார்த்திருக்க வேண்டும். அடுத்த நாள் டினோஜாவிடம் போனேன். அவள் நெட்டில் எடுத்தாள், அதே அறுபத்திரண்டு பெயர், நாற்பத்தொன்றில் மட்டும் வேறு ஆள். பழையதுக்கு மேலேயே புதியதைப் போட்டுவிட்டார்கள், பழையது இனி உங்கள் போனில் இருந்தால்தான் உண்டு என்றாள். போனை வாங்கி எல்லா மூலையும் தட்டிப் பார்த்தாள். கேச்சும் இல்லை, சேவ் பண்ணின பக்கமும் இல்லை, ஆரோ எல்லாத்தையும் கிளியர் பண்ணியிருக்கினம் மாமா என்றாள். நான் உன் பெயரைச் சொல்லவில்லை. அவளைச் சாட்சிக்குக் கேட்கவும் முடியாது, பக்கத்தை எடுத்துத் தந்தாளே தவிர அவள் பெயர்களை வாசிக்கவில்லை, காணாததைக் கண்டேன் என்று அந்தப் பிள்ளை எப்படி எழுதும்.

நிறுவனத்தின் கந்தோருக்குப் போனேன். அங்கே ஒரு பிள்ளை மரியாதையாகக் கதிரை தந்து இருத்தினாள். பட்டியல் ஒண்டுதான் ஐயா, மாத்தினதெண்டு எங்களிட்ட ஒரு பதிவும் இல்லை, உங்களிட்ட இருந்தாக் காட்டுங்கோ என்றாள். காட்ட என்னிடம் கழுவித் துடைத்த போன் இருந்தது. முறைப்பாடு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன், ஐப்பசி பதினைந்தாம் திகதி விசாரணை என்று வைத்திருக்கிறார்கள். பார்த்த ஆட்கள் எழுத்தில் தந்தால் எடுப்பார்களாம். பஸ்ஸிலும் கிளினிக்கிலும் பார்த்தவர்கள் ஆர் எவர் என்று எனக்குத் தெரியாது. யாகப்பரிடம் போனேன். பார்த்தனான் அண்ணை, ரெண்டு கண்ணாலயும் பார்த்தனான், ஆனா எழுதித் தரக் கேளாதேங்கோ, என்ர கட்டை இப்பதான் அடிச்சுக் கிடக்கு என்றார். அன்று பின்னேரம் தன் மனிசி றோஸ்மேரியிடம் இரண்டு பாரை மீன் கொடுத்து அனுப்பினார். திருப்பி அனுப்பச் சொன்னேன், அம்மா கேட்கவில்லை, குழம்பு வைத்தாள். நானும் சாப்பிட்டேன், நல்ல மீன்தான். அந்த ஆளில் எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் இன்னும் கசக்கிறது, அவரிடத்தில் நான் இருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

ஒரு மாதம் இதை உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். செய்தது நீ என்று தெரிந்தால் அங்கே நித்திரை கொள்ளமாட்டாய் என்று பயந்தேன். வெள்ளிக்கிழமை எப்படியோ சொல்லத் தொடங்கினேன். ஐயோ என்பாய் என்று நினைத்தேன். நீ கேட்டது, அப்பா நீங்கள் வடிவாப் பார்த்தனீங்களோ, வேற இராசேந்திரமா இருக்கலாம்தானே, கண்ணாடியும் போடுறேல்லை என்று. மகன், தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்குப் பயந்து இந்தியாவுக்குப் படகேறும்போது போட்டிருந்த சேட்டுக்குள் வைத்திருந்த என் பிறப்புச் சான்றிதழ் நனைந்து மை ஊறிப்போனது. மண்டபம் கரையில் இறங்கினவுடன், நீ இன்ன ஆள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருசம், ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் வரிசையில் நின்று, நான்தான் அது என்று தலையைக் காட்டினேன். நீ அங்கேதான் பிறந்தாய், என் தோளில் இருந்துகொண்டு நீயும் அந்த வரிசையில் நின்றிருக்கிறாய். திரும்பி ஊருக்கு வந்தால் இங்கேயும் அதே கேள்வி, கதைக்கிறது இந்தியாக்காரர் மாதிரி இருக்கே, நீங்கள் தலைமன்னார் எண்டு ஆர் சொல்லுறது என்று. கந்தோர்க்காரர் கேட்பார்கள், அது அவர்களின் வேலை. என் வீட்டுக்குள் என்னை அப்படி ஒருவரும் கேட்டதில்லை, நீதான் முதல் ஆள். பிறகு, காசு அனுப்புறன் கட்டுங்கோ என்றாய். அனுப்புவாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் என் பெயர் அங்கே இருந்ததை நீ நம்புகிறாயா இல்லையா என்று இன்னும் நீ சொல்லவில்லை.

இனிக் காரியத்தைச் சொல்கிறேன். போனில் இருந்து அழித்தவர் யாரோ அவர் எழுதித் தரட்டும், அதையும் விசாரணையில் சேர்க்கலாம் என்று அந்தக் கந்தோர்ப் பிள்ளை சொல்லியிருக்கிறாள். டினோஜாவிடம் விபரம் கேட்டேன், அவள் தன் போனில் ஒரு பக்கத்தைச் சேமித்து, எனக்கு முன்னாலேயே அழித்துக் காட்டினாள். அது தானாகப் போவதில்லை. பக்கத்தின் பெயரைத் திரையில் காட்டுகிறது, அழிக்கவோ என்று ஒருதரம் கேட்கிறது, ஓம் என்று தட்டினால்தான் போகிறது. அப்படியென்றால் அந்தப் பட்டியலைக் கடைசியாகக் கண்ட ஆள் நீ. ஆகவே நீ எழுத வேண்டும். இன்ன திகதி அப்பாவின் போனில் இன்ன பக்கம் இருந்தது, நான் அழித்தேன் என்று, முழுப் பெயர், பாஸ்போட் இலக்கம், கையெழுத்து எல்லாம் வைத்துப் பதிவுத் தபாலில் போடு, பதினைந்தாம் திகதிக்கு முன் என் கையில் கிடைக்க வேண்டும். எனக்காகப் பொய் ஒன்றும் எழுதாதே. என் பெயரை நீ கண்டிருந்தால் கண்டேன் என்று எழுது. அது என்ன என்று வாசிக்காமலேயே ஓம் என்று தட்டியிருந்தால், வாசிக்காமல் அழித்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடு. அதையும் கொண்டுபோய் அந்தப் பிள்ளையின் மேசையில் வைப்பேன்.

வேறென்ன. அங்கே குளிர் தொடங்கப் போகிறது, தலையை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, சாப்பாட்டை ஒரு நேரமும் தள்ளிப்போடாதே. கோபத்தில் எழுதினேன் என்று நினைத்து இதைக் கிழித்துவிடாதே. தாயார் உன்னைத் தன் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு.

ஒன்றை மறந்துவிடாதே. கடித உறையில் என் பெயரை மட்டும் எழுது, சந்தனம் என்று அம்மாவின் பெயரையும் சேர்த்துவிடாதே, சேர்த்தால் அவள் முந்தி உடைத்து வாசித்துவிடுவாள். போன் பழுதாகித்தான் எல்லாம் போனது என்று அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், அவளும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
கு. இராசேந்திரம்