கெளுத்தி தின்ற குட்டை

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகளும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை. எனக்குத்தான் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. நோய் ஒன்றும் இல்லை, எல்லாம் உன் சித்தப்பா செய்த காரியம்.

தெருப் பெண்கள் நாங்கள் சேர்ந்து, குப்பை கொட்டிக் கிடந்த குட்டையைத் தூர்வாரி மீன் விட்டது உனக்குத் தெரியும். வேலையில்லாத வீட்டுப் பிள்ளைகள் வெறும் கஞ்சியோடு படுக்கக் கூடாது என்றுதான் ஆரம்பித்தோம். தவிடும் புண்ணாக்கும் தின்று வளரும் கெண்டைதான் விட்டோம், பிடிக்கப் பிடிக்கக் குஞ்சு விட்டுவந்தால் குட்டை என்றைக்கும் கைவிடாது என்று குஞ்சு கொடுத்த மீன்பண்ணைக்காரம்மா சொல்லியிருந்தாள். அப்படித்தான் நடந்தது, வாரம் தவறாமல் வீட்டுக்கு வீடு மீன் போனது. பிறகு சித்தப்பா குட்டையைத் தானே பார்த்துக்கொள்வதாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். கொஞ்ச நாளில் தண்ணீர் கறுத்து, அந்தப் பக்கம் போனாலே மூக்கைப் பொத்த வேண்டியதாயிற்று. கேட்டதற்கு, 'தண்ணி மாறினா அப்படித்தான் அண்ணி, நீங்க போய் அடுப்பைப் பாருங்க' என்று சிரித்தார். ஒருநாள் பங்கு வந்த மீனை நறுக்க உட்கார்ந்தால் கெண்டையே இல்லை, தலை பெருத்த கறுப்புக் கெளுத்தி. வயிற்றைக் கீறினேன், கோழி இறகும் குடலும், பாதி செரித்த கெண்டைக் குஞ்சும் வெளியே வந்து விழுந்தன. அங்கேயே வாந்தி எடுத்தேன். விசாரித்தால், கறிக்கடைக் கழிவை மூட்டை மூட்டையாகக் கொட்டி, எதையும் தின்று சீக்கிரம் பெருக்கிற கெளுத்தியைத் திருட்டுத்தனமாக விட்டிருக்கிறார். பெருத்தது ஓட்டலுக்கு, ஓட்டல்காரன் வேண்டாமென்று ஒதுக்கியது நம் தெருப் பிள்ளைகளுக்கு. அவர் வீட்டுக்கு மட்டும் சந்தையில் வாங்கிய மீன்!

கூட்டம் போட்டோம். மனுஷன் கூசவே இல்லை. 'பசியில கிடக்கிறவங்களுக்கு மீன் எதைத் தின்னா என்ன அண்ணி, வயிறு ரொம்பினா போதாதா' என்றார். நான் நேரே வீட்டுக்குப் போனேன். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு ஒரு கெளுத்தியைப் பொரித்து, தட்டோடு கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். வயிறு சரியில்லை என்றார். அப்போது சலவைக்காரி எழுந்து, 'எம்பிள்ளைங்க வயிறு மட்டும் என்ன இரும்பா' என்று கேட்டாள். அவள் கத்தக்கூட இல்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

குட்டையை வற்றவைத்து, சேற்றை அள்ளி, சுண்ணாம்பு போட்டுக் காயவிட்டு, மறுபடி கெண்டைக் குஞ்சு விட்டாயிற்று. அது வளர்கிற வரைக்கும் அந்தப் பிள்ளைகளுக்குப் பழையபடி கஞ்சிதான். அதை நினைத்தால் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன். அப்பா தம்பியைப் பற்றி வாயே திறக்கவில்லை. நேற்று நான் குட்டைக்குக் கிளம்பும்போது தவிட்டு வாளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார், அவ்வளவுதான்.

சித்தப்பா உனக்குப் போன் செய்வார், எடுத்துப் பேசு, மரியாதையைக் குறைக்காதே. என்ன சொன்னார் என்று மட்டும் எனக்கு எழுதாதே. நேரத்துக்குச் சாப்பிடு, மருமகளைத் தனியாக அடுப்படியில் விடாதே. இரண்டு பேரும் குறையொன்றும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் மனசு ஆறாத உன் அம்மா