இருபத்தேழாம் நம்பர் பேசின்

4, திங்கள்

காலை பாண் மூன்று துண்டு, பருப்பு, சீனி போடாத தேத்தண்ணீர். மத்தியானம் சோறு, கத்தரிக்காய், சூடை மீன். பொரிக்க வேண்டாம் என்று கிளினிக் மிஸ் சொன்னவ. பொரித்தாயிற்று.

கச்சான் காற்று மூன்றாவது நாள். கண்டக்குழியில் ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. களப்பு நண்டு மட்டும் எங்கள் நண்டு உரிக்கிற கொம்பனிக்கு வந்தது. சின்னது, சதை குறைவு, உரித்து உரித்து விரல் நோ.

இந்தக் கொப்பியில் சாப்பாட்டை மட்டும் எழுதச் சொன்னவ மிஸ். எரிச்சலையும் எழுதப் போகிறேன். சீனி ஏறுவதற்கு அதுவும் காரணமாம்.

இன்றைய எரிச்சல்: தேத்தண்ணீர் நேரம் சுமனா போனைச் சாய்த்து வைத்து ஒரு வீடியோ போட்டாள். எங்கேயோ ஒரு ஊரில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை, சோற்றில் ஏதோ கலக்கிறார்களாம், தின்ற ஆள் செத்துக் கடையையும் மூடினார்களாம். சட்டியும் கையும் தெரிகிறது, கலக்கிறது தெரியவில்லை. சுமனா சிலாபம் பக்கத்துச் சிங்களப் பெண், நான் பொறுப்பாக இருக்கிற மேசைதான், தமிழ் நன்றாகக் கதைப்பாள். "பாருங்க செலின் அக்கே, இந்த ஆக்கள்ட கடையில இனி சாப்பிட ஏலுமா?" என்றாள்.

அந்த ஆக்களில் ஒருத்தி என் வலப்பக்கத்தில் இருந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். பரீதா. தலை நிமிரவில்லை.

முதல் கோபம் சுமனாவில். அடுத்தது பரீதாவில், வாயில் என்ன கொழுக்கட்டையா என்று. கடைசியாக என்னில். வீடியோவை முழுதாகப் பார்த்தேன்.

5, செவ்வாய்

காலை இடியப்பம் ஐந்து. ஆறு. சம்பல். மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை.

காற்று குறையவில்லை. தகரம் அடிக்கிற சத்தத்தில் தலையிடி.

வீடியோ இரண்டாம் நாள். மேசை முழுக்க அதே கதை. சுமனா, அவளுக்குப் பக்கத்தில் என் மச்சாள் ரீட்டா, இரண்டு பேரும் மாறி மாறி. நண்டை உடைக்கிற சத்தத்தை விட வாய்ச் சத்தம் கூட. கடைசியில் பரீதா சொன்னாள்: "அது பொய் வீடியோ. கட மூடினதும் இல்ல, ஆரும் செத்ததும் இல்ல."

அதோடு விட்டிருக்கலாம். நான்தான் விடவில்லை.

"எல்லாம் பொய்யா? அந்த ஈஸ்டருக்குக் கோயில்ல வெடிச்ச குண்டும் பொய்யா? நீர்கொழும்புச் செத்த வீட்டுக்குப் போய் வந்தவள் நான்."

"அந்தக் குண்ட நானா வெச்சன்?"

"நீ வெச்சாய் எண்டு ஆர் சொன்னது?"

"அப்ப ஏன் என்னயப் பாத்துக் கேக்குறீங்க? எங்கட உம்மா மன்னார்ல இருந்து உடுத்த உடுப்போட வந்தவ. வீடு, மாடு, காணி எல்லாத்தையும் விட்டுட்டு. போங்க எண்டு துவக்கக் காட்டினது ஆரு? தமிழ் ஆக்கள்தானே. பதினொரு வருஷம் பக்கத்துல இருக்கன். ஒரு நாளாவது உங்களப் பாத்துக் கேட்டனா?"

"நான் கண்டக்குழிக்காரி. மன்னார் எந்தத் திசை எண்டும் தெரியாது எனக்கு."

"ஓம். எனக்கும் நீர்கொழும்பு தெரியாது."

பதில் வரவில்லை. எனக்கா வரவில்லை! ஊரில் என் வாய்க்குப் பயந்து வேறு தெருவால் போகிறவர்கள் இருக்கிறார்கள். சுமனா படம் பார்க்கிறவள் மாதிரி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளில் வந்த ஆத்திரம் வேறு.

பன்னிரண்டரைக்கு பரீதா லுஹர் தொழப் போனாள். சண்டை பிடித்த பிறகும் சதை போடுகிற பேசினை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனாள். அது எங்கள் பழக்கம். ஒவ்வொருத்திக்கும் ஐஸ் மேல் ஒரு பேசின், அதில் ஒரு நம்பர், உரித்த சதையின் நிறைக்குத்தான் சம்பளம். தொழுகிற பத்து நிமிடம் அவள் நம்பருக்கு நான் உரிப்பேன். காலை பத்து மணிக்கு நான் சீனி வருத்தத்துக்கு பிஸ்கட் தின்னப் போனால் என் நம்பருக்கு அவள் உரிப்பாள். அடுத்தவள் நம்பரில் கை வைக்கக் கூடாது என்று சட்டம். தொழப் போகிற ஆறு பேருக்கும் இப்படி ஒவ்வொரு ஆள் உண்டு. மெனேஜருக்குத் தெரியாது.

இன்றைக்கும் நிரப்பிக் கொடுத்தேன். வழக்கம்போல.

6, புதன்

பாண். பாண். பாண்.

வேலைக்குப் போனதும் செக்கிங் மெடம் எங்கள் மேசைக்கு வந்தாள். நேற்றைய சதையை நீல லைட்டில் பார்த்ததில் இருபத்தேழாம் நம்பரில் நண்டு ஓட்டுத் துண்டு. ஒன்றல்ல, நான்கு. வெளிநாட்டுக்குப் போகிற சாமான், யாருடைய தொண்டையிலாவது குத்தினால் முழு ஓடரும் போகும். இருபத்தேழு பரீதாவின் நம்பர்.

பரீதா நான்கு துண்டையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு ஏப்ரனைக் கழற்றினாள். இனி அவளுக்கு வெளி முற்றத்தில், வெயிலில், கூடை கழுவுகிற வேலை என்றாள் மெடம். அங்கே நிறை இல்லை, நாட்கூலி, இதில் பாதியும் வராது. அவள் வீட்டில் உழைக்கிற கை அவளுடையது ஒன்றுதான்.

"வேணுமெண்டு போட்டிருப்பா" என்றாள் சுமனா. நேற்றைய கோபமாம். ரீட்டா "சும்மாவா, அந்த ஆக்கள்ட மனசு" என்றாள்.

கவனமாக உரித்திருக்க வேண்டும். நான் என்ன செய்ய.

(வாங்க: விம், நெருப்புப் பெட்டி, மூத்தவளுக்குச் சட்டை ஊசி.)

7, வியாழன்

காலை ஒன்றுமில்லை. தலை சுற்றியது. பத்து மணிக்கு பிஸ்கட் தின்ன எழும்பினேன், என் நம்பருக்கு உரிக்க ஆள் இல்லை. திரும்ப இருந்துவிட்டேன்.

மத்தியானம் சிலாபத்தில் இருந்து தங்கச்சி ஒரு குரல் பதிவு அனுப்பினாள். யாரோ ஒரு ஆம்பிளை, பெரிய விஷயம் தெரிந்தவன் மாதிரி: "கல்பிட்டிப் பக்கம் நண்டுக் கொம்பனி ஒண்டில முஸ்லிம் பொம்பிள ஒருத்தி வெளிநாட்டுக்குப் போற சாமானுக்குள்ள வேணுமெண்டு ஓட்டத் தூள் பண்ணிப் போட்டிருக்கா, எல்லாருக்கும் அனுப்புங்க." கீழே தங்கச்சியின் கேள்வி: உங்கட கொம்பனியா அக்கா?

பின்னேரம் ரீட்டாவுக்கும் வந்தது. அதில் ஓடு கண்ணாடித் துண்டாகிவிட்டது.

இனி எழுதத்தான் வேண்டும். வேறு யார் வாசிக்கப் போகிறார்கள்.

செவ்வாய் அவள் பேசினுக்கு உரித்தது நான். உரிக்கும்போது விரல் நுனியால் சதையைத் தடவிப் பார்ப்போம், ஓடு இருந்தால் தட்டுப்படும். பத்தொன்பது வருடம் செய்கிற வேலை. நித்திரையிலும் என் விரல் தடவும். அன்றைக்கு முதல் துண்டு தட்டுப்பட்டது. எடுக்கவில்லை. கிடக்கட்டும் என்று நினைத்தேன். பிறகு தடவவேயில்லை. வாயில் வராத பதிலைக் கையால் சொன்னேன். சீ.

வேலை முடிந்து முற்றத்துக்குப் போனேன். பரீதா கூடையைக் கவிழ்த்துக் காய வைத்துக்கொண்டிருந்தாள். கை இரண்டும் உப்புத் தண்ணீரில் வெளுத்துப் போய்.

"உனக்குத் தெரியும்தானே" என்றேன்.

"நான் எழும்பக்குள்ள பேசின் அரைவாசி. அந்த அரைவாசிய நான் தடவிப் பாத்துட்டுத்தான் போனன்."

"ஏன் சொல்லயில்ல?"

"சொன்னா? உங்கட கை எப்படி என்ட பேசினுக்குள்ள வந்த எண்டு கேப்பாங்க. பத்து நிமிஷமும் போயிரும். எனக்கு மட்டுமா, ஆறு பேருக்கும்."

"நான் சொல்றன்."

"ஆருக்காக? உங்கட மனசு ஆறுறதுக்கா?" கூடையைப் படார் என்று வைத்தாள். "செஞ்சது காணும். போங்க செலின்."

அக்கா இல்லை. வெறும் செலின். பதினொரு வருடத்தில் முதல் தரம்.

8, வெள்ளி

கஞ்சி ஒரு கிண்ணம். சீனிக் குளுசை விழுங்கினேனா தெரியவில்லை.

காலையில் மெனேஜர் நேரே உரிக்கிற மண்டபத்துக்கு வந்தார். குரல் பதிவு முதலாளிக்கே போய்விட்டதாம். கொம்பனிக்குப் பெயர் கெட்டுப் போகும், முற்றத்திலும் வேண்டாம், நாளையில் இருந்து பரீதா வரத் தேவையில்லை என்றார். பரீதா கதவடியில் ஈரக் கையோடு நின்றாள். ரீட்டா குனிந்துகொண்டு ஒரு சிரிப்பு.

அவள் போங்க என்றது காதில்தான் இருந்தது. ஆனால் இப்போது போகிறது பத்து நிமிடம் மட்டுமில்லையே. ஆளே போகப் போகிறாள்.

எழும்பினேன். ஒபிஸ் அறைக்குள் சொன்னால் ஒபிஸ் அறைக்குள்ளேயே கிடக்கும், அதனால் அந்த இடத்திலேயே, மெனேஜருக்கும் சுமனாவுக்கும் விளங்கச் சிங்களத்தில் ஒரு தரம், மற்றவர்களுக்குத் தமிழில் ஒரு தரம். "அந்த ஓடு நான் விட்டது. அவ தொழப் போன நேரம் அவட பேசினுக்கு உரிச்சது நான். தட்டுப்பட்டது, எடுக்கயில்ல. கோபத்தில."

மெனேஜர் கத்தினார். எருமை என்றார். பத்தொன்பது வருடம் என்று பார்க்க மாட்டேன் என்றார். ஆனால் காற்று நின்றால் நண்டு குவியும், பழகிய கை வேண்டும், அது அவருக்கும் தெரியும். முடிவு: பரீதா திங்கள் மேசைக்கு. எனக்குக் கடைசி எச்சரிக்கை, மேசைப் பொறுப்பும் போயிற்று. இனி ஒருத்தி நம்பரில் இன்னொருத்தி கை பட்டால் இரண்டு பேரும் வீட்டுக்கு. தொழப் போகிறவர்கள் போகலாம், நிறை குறைந்தால் குறையட்டுமாம்.

பிறகு வாங்கிக் கட்டியது:

ரீட்டா: "எங்கட ஆக்கள நீயே காட்டிக் குடுத்திட்டாய், என்ன?"

மற்ற மேசை நஸ்ரினா: "ஒங்கட சண்டைக்கு எங்கட பத்து நிமிஷமா? வாய வெச்சிட்டு சும்மா இரிக்கேலாதா?"

குனிந்து என் நம்பருக்கு உரித்தேன்.

சுமனா மட்டும் பரீதாவிடம் போய் "வேணுமெண்டு எண்டு சொன்னது நான்தான் நங்கி" என்றாள். நங்கி என்றால் தங்கச்சி. பரீதா "கேட்டது" என்றாள். அவ்வளவுதான்.

தங்கச்சிக்கு நடந்ததை ஒன்று விடாமல் குரல் பதிவில் அனுப்பினேன், எல்லாருக்கும் அனுப்பு என்றும் சொல்லி. "ஓ அப்பிடியா" என்று ஒரு வரி வந்தது. பிறகு ஒரு பூப்படம். நான் சொன்னதை ஒரு ஆளும் ஒரு இடத்துக்கும் அனுப்பவில்லை. கண்ணாடித் துண்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

10, ஞாயிறு

பூசை. பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நீளம், நிற்கவில்லை. மத்தியானம் கோழி. இரண்டு தரம் சோறு. எழுதிவிட்டேன், மிஸ் ஏசட்டும். ஏசுவதற்கு இந்தக் கொப்பியை எப்படிக் காட்டுவது. நாளைக்கு வேறு கொப்பி வாங்க வேண்டும்.

11, திங்கள்

பாண் இரண்டு துண்டு, பருப்பு. காற்று விட்டுவிட்டது. நண்டு குவியலாக.

பரீதா பழைய கதிரையில், என் வலப்பக்கம். கதிரையை ஒரு சாண் அங்கால் இழுத்துப் போட்டிருந்தாள். இருபத்தேழைக் கழுவி ஐஸில் வைத்தாள். பத்து மணிக்கு எனக்கு நடுக்கம் வந்தது. ஏப்ரன் பைக்குள் இருந்த பிஸ்கட்டைக் குனிந்து தின்றேன். கண்டாள். காணாதது மாதிரி உரித்தாள்.

பன்னிரண்டரை. எழும்பினாள். நிரப்பக் கூடாதுதான், ஆனால் ஐஸ் உருகாமல், ஈ மொய்க்காமல் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும், அதைத் தடுக்கச் சட்டம் இல்லை. பழக்க தோஷம், அவள் கேட்க முன்னமே என் கை நீண்டுவிட்டது.

பேசினை மூடினாள். நீட்டிய என் கையைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் சுமனாவுக்கு முன்னால் வைத்தாள். "பாத்துக்கொள்ளுங்க" என்றாள். சுமனா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு தன் பேசினை நகர்த்தி இடம் விட்டாள்.