உப்புக் காணுமா?

மச்சான்,

இன்று பகல் உன் வீட்டுப் படலையைத் திறக்கும்போதே இறால் கறி கொதிக்கும் வாசம் வந்தது. எனக்கு வாயூறியது. உடனே வெட்கம் பிடுங்கித் தின்றது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

வாழைச்சேனையில் நாம் மீன் வியாபாரம் செய்த காலமெல்லாம் ஒரே வெற்றிலைப் பைக்குள்தான் இருவரும் கை விட்டோம். அதிகம் சப்பியவன் நான். ஆனால் புற்று முதலில் உன் நாக்கில் வந்தது. கறண்ட் பிடிக்க, அதுதான் புற்றுக்குக் கதிர் அடிக்க, உன்னைக் கொழும்புக்குக் கூட்டிப்போனேன். அந்தப் பழைய மெஷின் புண்ணோடு எச்சில் சுரக்கும் இடங்களையும் சேர்த்து எரித்துவிட்டது. ஒரு துண்டு வாயில் வைத்ததும் வாவி மீனா கடல் மீனா என்று சொல்கிற ஆள் நீ. அதன்பிறகு சோற்றைத் தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கினாய். “மண்ணத் திங்கிற மாதிரிக் கிடக்கு மச்சான். அவளுக்குச் சொல்லிப்போடாத” என்றாய். “உப்புக் காணுமா?” என்று உன் மனைவி கேட்கும்போதெல்லாம், “காணும் புள்ள, போதும், நல்லாரிக்கு” என்பாய். கடைசிவரை அதையே சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தாய்.

பிறகு எனக்கும் வந்தது. அதற்குள் நம் பக்கமே புது மெஷின் வந்துவிட்டது. தலை அசையாதிருக்க, வலைபோன்ற முகமூடியை என் முகத்தில் அழுத்தி அச்செடுத்தார்கள். “எச்சில் சுரக்கிற இடத்த விலத்தித்தான் இது அடிக்கும் ஐயா. பழைய மெஷின்ல அப்பிடி ஏலாது” என்றாள் அங்கிருந்த பிள்ளை. எனக்குக் கண்ணீர் வந்தது. முகமூடிக்குள் துடைக்கவும் வழியில்லை. அதைக் கழற்றியதும், “பயமா ஐயா?” என்று கேட்டாள். “இல்ல மகள், வெக்கமாரிக்கு” என்றேன். அவளுக்கு விளங்கவில்லை.

இன்று உன் மனைவி கறியை ஊற்றிவிட்டு, “அண்ணன், உப்புக் காணுமா?” என்றாள். நீ சொல்வதையே சொல்லத்தான் நினைத்திருந்தேன். நாக்கு முந்திக்கொண்டது. “கொஞ்சம் கூடிப்போச்சு தங்கச்சி.”

அகப்பையால் சட்டியைக் கிளறினாள். “அவருக்கு ருசி தெரியாதெண்டு எனக்குத் தெரியும் அண்ணன். ஒருநாள் உப்பே போடாமக் காய்ச்சிக் குடுத்தன். அதுக்கும் நல்லாரிக்கு எண்டார்” என்றாள். பிறகு இன்னும் இரண்டு இறாலை என் சோற்றுக் கோப்பையில் போட்டாள்.

தலை நிமிராமல் எல்லாவற்றையும் தின்றேன். ருசியாக இருந்தது, மச்சான். அதை எந்த முகத்தோடு உனக்குச் சொல்வேன்?