என் பாதத்துக்கு நானே கட்டிய செட்

ஜூன் 9, செவ்வாய்
காலையிலிருந்து கச்சான், தென்மேற்குக் காற்று. மாடியில் காயப்போட்ட துணியிலெல்லாம் உப்புப் பிசுபிசுப்பு. வியாழக்கிழமை எனக்கு ஆப்பரேஷன். வலது கால் பெருவிரல் வளைந்து அடுத்த விரல்மேல் ஏறிவிட்டது. பக்கத்து எலும்பில் கொட்டைப்பாக்கு அளவுக்குப் புடைப்பு. இருபத்திரண்டு வருஷம் ஆப்பரேஷன் தியேட்டரில், ஓ.டி.யில், நின்ற கால். டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுப்பது என் வேலை. இந்தத் தடவை கொடுக்கப்போவது மாரி. ஆத்தூர்ப் பொண்ணு, நர்ஸாகச் சேர்ந்து எட்டு மாதம்.

கால் சரியாகாவிட்டால் ஓ.டி. கிடையாது, ஓ.பி. சீட்டு எழுதும் கவுண்டர். மேட்ரன் நல்ல மனசோடுதான் சொன்னார்கள், உட்கார்ந்த வேலைதானே என்று. எனக்கு உட்கார்ந்த வேலை வேண்டாம்.

ஜூன் 10, புதன்
என் ஆப்பரேஷனுக்கான கருவி செட்டை நானே கட்டி, கிருமி போக ஆட்டோகிளேவில் போட்டேன். தன் கல்யாணப் பந்திக்குத் தானே இலை போட்ட மாதிரி. மாரிக்கு எழுதிக் கொடுத்தது:

15 நம்பர் பிளேடு – தோலுக்கு.
ஸ்கின் ஹூக் 2 – தோல் ஓரத்தைத் தூக்கிப் பிடிக்க.
எலிவேட்டர் – எலும்பு மேலுள்ள சவ்வை ஒதுக்க. பலாச்சுளை பிரிக்கிற பதம்.
சின்ன ரம்பம் – புடைப்பைச் சீவ, எலும்பை வெட்ட. ஓடும்போது சலைன் விட்டுக்கொண்டே இரு. எலும்பு சூடாகும்.
ஆஸ்டியோடோம் – உளி. ரம்பம் விட்ட மிச்சத்தைப் பிரிக்க. சுத்தியல் கூடவே.
நிப்ளர் – கூரான முனைகளைக் கடித்தெடுக்க.
கே-வயர் – நேராக்கிய விரலை நிறுத்திப் பிடிக்கும் கம்பி. நுனி வெளியே நிற்கும், பிறகு பிளையரால் உருவ.

டாக்டர் பேர் சொல்லிக் கேட்பது பாதி நேரம்தான். மீதி நேரம் கையை மட்டும் நீட்டுவார், கண் காயத்திலேயே இருக்கும். உள்ளங்கை விரிகிற விதம் பார்த்துக் கொடுக்கணும். அதை எப்படி எழுதிக் கொடுக்க?

முருங்கைக்கீரை வாடிவிட்டது. பால்காரரிடம் நாளைக்கு வேண்டாம் என்று சொல்லணும்.

ஜூன் 12, வெள்ளி
நேற்று. எழுதவே கூச்சம்.

முதுகில் ஊசி. கையைக் கட்ட வந்த மாரியிடம், வேண்டாம்ளா, நான் ஆடமாட்டேன் என்றேன். பிறகு தூக்க மருந்து கொஞ்சம். இடுப்புக்குக் கீழே நான் இல்லை. என் கால் மட்டும் கழன்று உப்பளப் பாத்தி ஓரமாக நடந்து போய்க்கொண்டிருந்தது. வெள்ளை வெளேர். துறைமுகத்தில் கப்பல் ஊதியது, அல்லது ஊதியது போல. ரொம்ப தூரத்தில் ஒரு வள்ளத்து மோட்டார். ரம்பம்தான் அது, தெரியும். நின்றது. இனி உளி.

டாக்டர், "ஆஸ்டியோடோம்." என் கை போனது.

துணிக்கு அடியிலிருந்து வந்து, தொடைக்கு மேல் நிறுத்தியிருந்த தட்டில் உளியைத் தேடி எடுத்து, நீட்டியும்விட்டது. கழுவாத கை. கிளவுஸ் போடாத கை.

டாக்டர் உளியைத் தொடவில்லை. டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "சிஸ்டர், நீங்க இன்னைக்கு டியூட்டில இல்ல."

என் கை பட்டதால் தட்டில் இருந்த அத்தனையும் வீண். துணி மாற்றி, கவுன் மாற்றி, வேறு செட் பிரித்து, பதினொரு நிமிஷம். அவ்வளவு நேரமும் என் எலும்பு திறந்தபடி. தட்டுப் பக்கம் முழங்கை வந்தாலே பயிற்சி டாக்டர்களை விரட்டியவள் நான்.

வராந்தாவில் ஒரு ஆயா இன்னொரு ஆயாவிடம்: "அந்தக்கா மயக்கத்துலயும் டியூட்டி பாக்காவ."

ஜூன் 14, ஞாயிறு
காய்ச்சல் 100.2. எலும்பில் கிருமி இறங்கினால் வருஷக்கணக்கில் சீழ். எத்தனை பேருக்குப் பார்த்திருக்கிறேன். பயமாக இருக்கிறது. மாதா கோயிலுக்குப் போகவில்லை, வார்டுக் கட்டிலிலேயே ஜெபம். வீட்டிலிருந்து வந்த சாளை மீன் குழம்பு இறங்கவில்லை.

வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏளா, அறுத்தது காலத்தானே. கைய ஏன் மொறச்சிப் பாக்க?"

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மனுஷன். தூக்கத்தில் இவர் கையும் லீவரை இழுக்கும். அப்போதெல்லாம் சிரித்திருக்கிறேன்.

ஜூன் 16, செவ்வாய்
காய்ச்சல் இல்லை. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து விரலைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. கவுண்டர்தான் என்று முடிவாகிவிட்டதோ.

ஜூன் 25, வியாழன்
தையல் பிரித்தாச்சு. காயம் உலர்ந்து, சுத்தம். சீழ் வாடை இருக்கிறதா என்று மாரி பஞ்சை முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடமும் காட்டினாள். அழுதுவிட்டேன். கம்பி மட்டும் இன்னும் விரல் நுனியில், தூண்டில் முள் மாதிரி.

காற்று குறையவில்லை. கண்ணை மூடினால் இன்னும் அந்த வெள்ளைப் பாத்தி. கால் முன்னே போகிறது, நான் பின்னே.

ஜூலை 20, திங்கள்
மேகம், மழை இல்லை. கம்பி எடுக்கும் நாள். முன்னெச்சரிக்கையாக வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். மேட்ரன் வாசலில், கையில் கவுண்டர் டியூட்டி லிஸ்ட். டாக்டருக்கு இடப் பக்கம் மாரி, பிளையரோடு தயாராக. டாக்டர் குனிந்து கட்டைப் பிரித்தார். கண் விரலிலேயே. ஒன்றும் கேட்கவில்லை, கையை மட்டும் நீட்டினார்.

மாரி பக்கம் இல்லை. என் பக்கம்.

மாரி என்னைப் பார்த்தாள். தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்தேன். "ஏளா, மொதல்ல கிளவுஸ் கொண்டா," என்றேன். அவள் பெட்டியைத் திறந்து கொடுத்து, நான் போட்டு முடிக்கிற வரைக்கும் டாக்டரின் கை நீட்டியபடியே இருந்தது.