பத்து மாதமாக அணைக்காத மிஷின்

என் கூடப் பிறக்காமலே தம்பியாகிப்போன அந்தோணிக்கு,

கடிதம் என்றால் ‘நலமா’ என்று கேட்டுத் தொடங்கத்தான் எனக்குத் தெரியும். டெல்லி மோதி பாக் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். உன்னிடம் அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கால் மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். கேட்டதாக வைத்துக்கொள்.

இங்கே ஆகஸ்ட் புழுக்கம். காலையில் ஒரு மழை பெய்து சாலையெல்லாம் தண்ணீர் கட்டி நிற்கிறது, ஆனாலும் காற்றே இல்லை. முனிர்காவில் உன் மாடி அறைக்கு வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். ஜன்னலில் புதிதாகக் கொசுவலை அடித்திருக்கிறார்கள். ‘அடுத்த வாரம் அடிச்சிருவேன்க்கா’ என்று நீ ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த அதே ஜன்னல். ஆஸ்பத்திரிக்கெல்லாம் ஓட்டை அடைத்தவன் உன் ஜன்னலை விட்டுவிட்டாயே என்று அந்தச் சந்தில் நின்று உன்னைத் திட்டினேன். திட்டினால் உனக்குக் கேட்குமா?

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நம் வேலையைச் செய்கிற யாராவது படித்தால் நல்லது. அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்.

தெற்கு டெல்லியில் ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரி. அதன் கம்ப்யூட்டர் பிரிவு என்பது நீயும் நானும்தான். நான்கு சர்வர் மிஷின்கள், நான்கிலும் லினக்ஸ். உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் திருத்தித் தரலாம் என்கிற மென்பொருள். அதில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளுக்கான திருத்தங்களை வாராவாரம் வியாழக்கிழமை இறக்கிப் போடுவோம். போட்டு முடித்ததும் சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு டிக்.

எனக்குச் சலிப்புத் தட்டும் வியாழக்கிழமைகளில் நீ சொல்வாய்: “ஏக்கா, யாருன்னே தெரியாத ஒருத்தர் எந்த நாட்டுலயோ உக்காந்து நமக்காவ ஓட்டைய அடைச்சு அனுப்பியிருக்காரு. அத எடுத்துப் போடக்கூட நமக்கு வலிக்காக்கும்?” கொஞ்ச நேரம் கழித்து நீயே பயமுறுத்தவும் செய்வாய். “ஆனா ஒண்ணு. அவரு அடைச்சத களவாணிப்பயலும் பாத்துக்கிட்டுதான் இருப்பான். அடைப்பப் பாத்தே ஓட்டை எங்கன்னு கண்டுபிடிச்சிருவான். அவனுக்கு முந்தி நாம போட்டுரணும்.”

அந்தோணி, நான் உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நீ போன பிறகும் வியாழக்கிழமைகளை நான் தவறவிடவில்லை. நான்கு மிஷினிலும் திருத்தம் போட்டேன், நான்குக்கும் டிக் போட்டேன். ஆனால் மூன்றைத்தான் அணைத்து ஏற்றினேன். நான்காவதை, நீ ‘வாசல்’ என்று பெயர் வைத்த மிஷினை, பத்து மாதமாக ஒரு தடவைகூட அணைக்கவில்லை.

படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். சில திருத்தங்கள் போட்ட உடனே வேலை செய்யும். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற கெர்னலுக்கு வரும் திருத்தம் அப்படியல்ல, மிஷினை ஒருமுறை அணைத்து ஏற்றினால்தான் நடைமுறைக்கு வரும். அதுவரை, புதுப் பூட்டை வாங்கி வந்து மேசைமேல் வைத்துவிட்டுப் பழைய பூட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போன கதைதான். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் டிக் போட்டேன்.

அதுவும் எந்த மிஷின்? பெயருக்கேற்ற மாதிரி வெளியுலகைப் பார்த்து நிற்கிற மிஷின். நோயாளிகள் வீட்டிலிருந்து ரிப்போர்ட் பார்ப்பது அதன் வழியாகத்தான். கீழே கவுண்டரில் பூனம் உட்கார்ந்து பெயர் பதிவதும் அதிலேதான்.

காரணம் கேட்டால் நீ சிரிப்பாய். இந்த நேரத்தில் உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று மிஷினைக் கேட்டால் ஒரு பட்டியல் கொடுக்கும் இல்லையா? பூனம் இருப்பாள், மருந்துக் கடை இருக்கும், நான் இருப்பேன். எங்களுக்கெல்லாம் மேலே, முதல் வரியில், உன் பெயர். போன அக்டோபரில் சர்வர் அறையில் அந்த மிஷினின் கீபோர்டிலேயே உட்கார்ந்து உன் லாகினைப் போட்டு நீ உள்ளே போனாய். வெளியே வரவில்லை. மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாய்.

அந்தச் சாயங்காலம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கண்ணெல்லாம் சிவந்துபோய், “தலை பொளக்குக்கா” என்றாய். நான்தான் கதவருகே வந்து நின்று, “போய்ப் படு அந்தோணி, ஆட்டோ வந்தாச்சு. மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றேன். டெங்கு என்று தெரிய இரண்டு நாளாயிற்று. ஏழாம் நாள் நீ இல்லை. உன்னை உன் ஊரான தூத்துக்குடிக்கு அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் பார்க்கிறேன், நீ உள்ளே இருப்பதாகச் சொல்கிறது மிஷின்.

வேலையை விட்டுப் போனவரின் லாகினை அன்றே பூட்ட வேண்டும் என்று நம் ஆஸ்பத்திரிக்கு விதி எழுதியதே நீதான். என்னால் முடியவில்லை. பத்து மாதமும் காலையில் வந்ததும் எனக்கு முதல் வேலை அந்தப் பட்டியலைப் பார்ப்பதுதான். அணைத்து ஏற்றினால் அந்த முதல் வரி போய்விடும். உன் அம்மா இன்னும் உன் போனைச் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது மற்றவர்கள் பரிதாபப்பட்டார்கள், எனக்குப் புரிந்தது. ஆனால் அம்மா வைத்திருக்கும் போனால் யாருக்கும் ஆபத்தில்லை.

போன வியாழக்கிழமை ஓர் அறிவிப்பு வந்தது. கெர்னலில் பெரிய ஓட்டை. ஏதாவது ஒரு சாதாரண லாகின் கையில் கிடைத்தால் போதும், மிஷினுக்கே முதலாளி ஆகிவிடலாம். திருத்தமும் கூடவே வந்திருந்தது. போட்டேன், மூன்றை அணைத்து ஏற்றினேன். நான்காவதற்குக் கை வரவில்லை. டிக் மட்டும் போட்டேன்.

நம் நிர்வாகி மேடம் செய்தியில் பார்த்துவிட்டு மேலே வந்து, நம்முடையதெல்லாம் சரிதானே என்று கேட்டார், “வித்யா, ஹமாரா சப் டீக் ஹை நா?” நான் சுவரைக் காட்டினேன். “ஜீ மேடம், சப் ஹோ கயா.” எல்லாம் முடிந்துவிட்டது என்றேன். அவர் தாளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். உன் கையெழுத்தில் தலைப்பு எழுதிய தாள். பொய் சொன்ன வாய்க்கு அன்று சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு வாரம் நான் பட்ட பாடு. மெட்ரோவில் நின்றுகொண்டு போனில் வாசலை எட்டிப் பார்ப்பேன். புளி கரைத்துக்கொண்டிருப்பவள் கையைக்கூடக் கழுவாமல் போனை எடுப்பேன். “யாராவது ஆஸ்பத்திரியில இருக்காங்களா?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன்.

இன்று காலை, கதவைத் தட்டித் தோற்றவர்களின் பதிவைத் திறந்தேன். அதில் ஒன்றும் புதிதில்லை, ஊர்பேர் தெரியாதவர்கள் அட்மின் என்றும் டெஸ்ட் என்றும் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லி நாள் முழுக்கத் தட்டிக்கொண்டேதான் இருப்பார்கள். அவர்களுக்கு நடுவே உன் பெயர் இருந்தது. மூன்று தடவை. மூன்று தடவையும் தவறான பாஸ்வேர்ட்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு நொடி, நீதான் என்று நினைத்தேன். பாஸ்வேர்டை மறந்துட்டான் போல என்றுகூட நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. உன் பெயர் அவர்களுக்கு எங்கிருந்து கிடைத்தது? நம் பழைய இணையப் பக்கத்தில் உன் மின்னஞ்சல் இருந்ததே, அதிலிருந்தா? மூன்றோடு ஏன் நிறுத்திக்கொண்டார்கள்? வேறு வழி கிடைத்துவிட்டதா?

சுவரிலிருந்து தாளைப் பிய்த்துக்கொண்டு மேடம் அறைக்குப் போனேன். “மேடம், யே சௌத்தா டிக் ஜூட் ஹை” என்றேன். அந்த நான்காவது டிக் பொய் என்று சொல்லித் தாளை அவர் மேசைமேல் வைத்தேன். எப்போதிலிருந்து என்று கேட்டார். “அந்தோணி கே பாத் ஸே,” நீ போனதிலிருந்து என்றேன். ஏன் என்று கேட்டார், அதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

“இத்னே மரீஸ் ஹைன், வித்யா,” என்றார். “பெஹலே பந்த் கரோ. பாத் பாத் மே ஹோகி.” இத்தனை நோயாளிகள் இருக்கிறார்கள், முதலில் அதை அணை, பேச்சு அப்புறம்.

மதியம் ஒன்றரை மணி, கவுண்டரில் கூட்டம் குறைகிற நேரம். ரொம்ப நாள் அணைக்காமல் ஓடிய மிஷின் அணைத்த பிறகு எழாமலே போவதை நாம் இருவருமே பார்த்திருக்கிறோம். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து, அது சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். என் மேசையில் இருந்தபடியே அணைத்திருக்கலாம். ஆனால் உன் இடத்தில் உட்கார்ந்து செய்வதுதான் மரியாதை என்று பட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு, பத்து மாதத்தில் முதல் தடவையாக அந்த மானிட்டரைப் போட்டேன்.

கறுப்புத் திரை. கடைசி வரியில் நீ பாதி அடித்து வைத்த ஒரு கட்டளை. அந்த மிஷினை அணைத்து ஏற்றச் சொல்லும் கட்டளைதான், அந்தோணி.

ஐந்து நிமிடத்தில் என்று போட்டு, கவுண்டர் திரைகளுக்குப் போக வேண்டிய செய்தியை அடித்துக்கொண்டிருந்திருக்கிறாய். அணைக்கும் முன் நீ எப்போதும் அனுப்புவாயே, ‘பாஞ்ச் மினட் ருகோ, சாய் பீ லோ’ என்று. ஐந்து நிமிடம் பொறுங்கள், டீ குடியுங்கள். அதைப் பார்த்ததும் பூனம் கோஷ்டி சிரித்துக்கொண்டே கேன்டீனுக்கு எழுந்து போகும். திரையில் ‘பாஞ்ச் மினட் ருகோ, சாய்’ வரைக்கும் இருந்தது. அதற்குள் நான் கதவருகே வந்து, நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

பத்து மாதமாக நான் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்? உன்னை என்றுதான் நினைத்தேன். நீ செய்ய உட்கார்ந்த வேலையை அல்லவா நடக்கவிடாமல் பிடித்து வைத்திருந்தேன். அதுவும் எல்லா அதிகாரத்தோடும் திறந்து கிடந்த திரை. அந்த அறைக்குள் வந்த யாரும் எதையும் செய்திருக்கலாம். அழுதேன். அந்த ஏசி குளிரில் அழுதால் கண்ணுக்கு முந்தி மூக்கு ஒழுகுகிறது.

விட்ட இடத்திலிருந்து ‘பீ லோ’ என்று அடித்து, என்டரைத் தட்டினேன்.

உடனே இன்டர்காம் அடித்தது. “தீதி,” என்றாள் பூனம். அவள் குரல் அவள் குரல் போலவே இல்லை. “ஸ்க்ரீன் பே அந்தோணி பையா கா நாம் ஆயா ஹை. சாய் பீனே கோ போல் ரஹே ஹைன்.” செய்தி யாருடைய லாகினிலிருந்து போகிறதோ அவர் பெயரோடுதான் போய்ச் சேரும். அது எனக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. அந்தோணி அண்ணன் டீ குடிக்கச் சொல்கிறார் என்கிறவளுக்கு நான் என்ன விளக்கம் சொல்வேன்?

“ஹாங், பூனம்,” என்றேன். “ஜாவோ. பீ லோ.”

அந்த ஐந்து நிமிடமும் நீ உள்ளே இருந்தாய். அப்புறம் திரை இருண்டது.

மறுபடி வெளிச்சம் வந்து, டிஸ்கைச் சோதிக்கிறேன் என்று ஒரே ஒரு வரி காட்டிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன், உங்கள் ஊர் மாதாவையும் விடவில்லை. பதினோரு நிமிடம் கழித்துத்தான் எழுந்தது. எழுந்து, யார் நீ என்று பெயர் கேட்டது. என் பெயரைச் சொல்லி உள்ளே போய், ஓடுவது புதுக் கெர்னல்தானா என்று மூன்று முறை பார்த்துக்கொண்டேன். கவுண்டருக்குச் சொன்னபோது அவர்கள் டீ குடித்துவிட்டு வந்திருந்தார்கள்.

மதியம் முழுக்கப் பதிவுகளைத் துருவினேன். யாரும் உள்ளே வந்த தடயம் இல்லை, எனக்குத் தெரிந்தவரை. இந்தத் ‘தெரிந்தவரை’யோடுதான் இனி நான் தூங்க வேண்டும். வெளியாள் ஒருவரை வைத்து எல்லாவற்றையும் மறுபடி சோதிக்கப் போவதாக மேடம் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் எனக்கு இந்த வேலை இருக்குமா என்று தெரியாது, கேட்கவும் துணிவில்லை. தாளில் நான்காவது வரிசையில் பத்து மாத டிக்குகளையும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, இன்றைக்கு மட்டும் ஒன்று போட்டேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அணைத்து ஏற்றாத மிஷினுக்கு இனி டிக் போட மாட்டேன். தலை பொளக்கிறது என்று யாராவது சொன்னால் அன்று போலவே ஆட்டோ பிடித்து அனுப்புவேன். ஆனால் அவர் விட்ட வேலையை நாளைக்கு என்று வைக்க மாட்டேன், நானே அந்த ஸ்டூலில் உட்கார்ந்து முடித்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

கடைசியாக, உன் லாகினைப் பூட்டிவிட்டேன். இனி உன் பெயரைச் சொல்லி யார் தட்டினாலும் வாசல் திறக்காது. நீயே வந்து தட்டினாலும் திறக்காது, தம்பி. கோபித்துக்கொள்ளாதே, நீ எழுதிய விதிதான்.

நாளைக் காலைப் பட்டியலில் முதல் வரியைப் பார்க்க இப்போதே பயந்துகொண்டிருக்கும்,
உன் அக்கா
வித்யா